‘பஸ்ஸில் போங்க’ என்பவர்கள் எதில் போகிறார்கள்? திருவாதவூர் டவுன் பஸ்ஸில் போட்ட ஒரு கார்பன் கணக்கு

மதுரையிலிருந்து திருவாதவூர் சுமார் 25 கி.மீ. ஒத்தக்கடையில் மெயின் ரோட்டை விட்டுப் பிரிந்து, திருமோகூர் வழியாகப் போகிறது டவுன் பஸ். பெண் என்பதால் எனக்குக் கட்டணமில்லா டிக்கெட். ஜன்னலோர சீட் கிடைத்தது. உட்கார்ந்ததும் போனில் கால்குலேட்டரைத் திறந்தேன்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். பஸ் லிட்டருக்கு 5 கி.மீ. போகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 கி.மீட்டருக்கு 5 லிட்டர், அதாவது 13.4 கிலோ. பஸ்ஸில் 50 பேர் இருந்தால் தலைக்கு 270 கிராம்கூட வராது. நிற்கிற ஆட்களையும் சேர்த்தால் இன்னும் குறையும். காலை நேரத்தில் இந்த ரூட்டில் ஏறிப் பார்த்தவர்களுக்கு 50 என்பது எவ்வளவு அடக்கமான எண் என்பது தெரியும்.

எதற்கு இந்தக் கணக்கு? ‘பூமி சூடாகிறது, எல்லோரும் மாற வேண்டும்’ என்று பிரதமரிலிருந்து உள்ளூர் கவுன்சிலர் வரை மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நல்ல விஷயம்தான். மஞ்சப்பை தூக்கச் சொல்கிறார்கள், லைட்டை அணைக்கச் சொல்கிறார்கள், மரம் நடச் சொல்கிறார்கள், பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். சொல்கிறவர்களின் கார்பன் தடம் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடலாமே என்று தோன்றியது.

அதை திருவாதவூரிலிருந்து பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இது மாணிக்கவாசகர் பிறந்த ஊர். பக்தர் ஆவதற்கு முன்னால் அவர் அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய அரசாங்கப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டு, மன்னனுக்குக் கணக்குச் சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்டவர். அமைச்சர், வாகனம், பொதுப்பணம், கணக்கு... நம்முடைய கதைக்குத் தேவையான எல்லாம் இந்த ஊர்க் கதையிலேயே இருக்கிறது.

கான்வாய் கணக்கு

முதலில் ஒரு பாராட்டு. 2021-ல் முதல்வரான ஸ்டாலின், அந்த ஆண்டு அக்டோபரில் தன்னுடைய கான்வாயை 12 வாகனங்களிலிருந்து 6 ஆகக் குறைத்தார். அவருக்காக டிராஃபிக்கை நிறுத்தி மக்களைக் காக்க வைக்கக் கூடாது என்றும் சொல்லப்பட்டது. சுற்றுச்சூழலுக்காகச் செய்தது என்று சொல்ல முடியாது, மக்கள் சிரமத்தைக் குறைக்கத்தான். ஆனால் புகைக்குக் காரணம் தெரியாது. பாதி வண்டி என்றால் பாதிப் புகை.

பெரிய எஸ்.யூ.வி. ஒன்று லிட்டருக்கு 10 கி.மீ. போனால், மதுரை - திருவாதவூர் தூரத்துக்கு 2.5 லிட்டர், 6.7 கிலோ கார்பன். ஆறு வண்டிக்கு 40 கிலோ. என்னுடைய பஸ் பயணம் போல 150 பயணங்கள்.

ஆனால், எந்தத் தலைவர் மாவட்டத்துக்கு வந்தாலும் அரசாங்கக் கான்வாயோடு முடிவதில்லை. மாவட்டம், ஒன்றியம், இளைஞரணி, ‘அண்ணன் பேரவை’ என்று பின்னால் தொற்றிக்கொள்ளும் கட்சி வண்டிகளை யாரும் எண்ணுவதில்லை. இருபது வண்டி என்பது சின்ன ஊர்வலம். அதற்கே 134 கிலோ, 500 பஸ் பயணம். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். கொடியின் நிறம் மாறும், வண்டியின் நிறம் பெரும்பாலும் வெள்ளைதான்.

அடுத்தது வானம். ஒரு காலத்தில் ஹெலிகாப்டரைப் பார்த்துக் கும்பிட்ட அமைச்சர்களின் படங்கள் நாடு முழுக்கச் சுற்றின. இன்று கும்பிடு குறைந்திருக்கலாம், ஹெலிகாப்டரும் தனி விமானமும் குறையவில்லை. இரண்டு இன்ஜின் உள்ள நடுத்தர ஹெலிகாப்டர் ஒரு மணி நேரம் பறக்க ஏறத்தாழ 400 லிட்டர் எரிபொருள் வேண்டும். அது ஒரு டன் கார்பன். ஓர் இந்தியர் சராசரியாக வெளியிடும் கார்பன் ஆண்டுக்கு இரண்டு டன்தான். திருவாதவூரிலிருந்து ஒருவர் தினமும் மதுரைக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தால், ஒரு டன் சேர ஐந்து வருடம் ஆகும். ஒரு சட்டமன்றத்தின் முழு ஆயுள்! அதை ஹெலிகாப்டர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

இங்கே சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. டீ, வடை வரைக்கும் கணக்கு காட்ட வேண்டும். ஆனால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-வது பிரிவு, கட்சித் தலைவர்கள் கட்சிப் பிரசாரத்துக்காக விமானத்திலோ வேறு வாகனத்திலோ போகும் செலவை வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு இப்படி 40 பேர் வரை ‘நட்சத்திரப் பேச்சாளர்’ பட்டியல் கொடுக்கலாம். வடைக்குக் கணக்கு உண்டு, விமானம் வேட்பாளர் கணக்கிலேயே ஏறாது. ரூபாய்க்கே இந்த நிலை என்றால், புகையை யார் கேட்கப் போகிறார்கள்?

மாநாட்டுக்குப் போகும் விமானங்கள்

உலக அளவில் இந்தக் கேலி பழசு. 2021 அக்டோபர் இறுதியில் ரோம் வந்த அமெரிக்க அதிபர் பைடன், போப்பைப் பார்க்க 80-க்கும் மேற்பட்ட வாகனங்களோடு வாடிகன் போனார். அங்கிருந்து அவர் அடுத்து போனது கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்கு. அதே மாநாட்டை நடத்திய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன், கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்குத் தனி விமானத்தில் திரும்பினார். ரயில் இருக்கிறது, சுமார் ஐந்து மணி நேரம்தான். 2023 துபாய் மாநாட்டுக்கு பிரிட்டன் மன்னர் சார்லஸ், பிரதமர் ரிஷி சுனக், வெளியுறவு அமைச்சர் கேமரூன் மூவரும் மூன்று தனித்தனி விமானங்களில் போனார்கள். ஒரே நாடு, ஒரே மாநாடு!

நம் பிரதமர் மோடி கிளாஸ்கோ மேடையில்தான் ‘லைஃப்’ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தார். சுற்றுச்சூழலுக்கு ஏற்ற வாழ்க்கை முறை என்று பொருள். யோசித்து, அளவாகப் பயன்படுத்துங்கள் என்பது அதன் சாரம். 2022 அக்டோபரில் ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரெஸை அருகில் வைத்துக்கொண்டு குஜராத்தில் அந்த இயக்கத்தைத் தொடங்கினார். பிரதமரும் குடியரசுத் தலைவரும் வெளிநாடு செல்ல 2020-லிருந்து இரண்டு போயிங் 777 விமானங்கள் இருக்கின்றன. அந்த ரக விமானம் மணிக்கு ஏழு டன் அளவுக்கு எரிபொருள் குடிக்கும். டெல்லியிலிருந்து துபாய் போய்வந்தால் சுமார் 150 டன் கார்பன். 75 இந்தியர்களின் ஒரு வருடக் கணக்கு.

பிரதமர் இண்டிகோவில் நடு சீட்டில் போக வேண்டும் என்று சொல்லவில்லை. பதவியில் இருந்த பிரதமர் ஒருவரும் முன்னாள் பிரதமர் ஒருவரும் கொலையுண்ட நாடு இது. பாதுகாப்பு என்பது சாக்கு இல்லை, நிஜம். அதிகாரிகள் குழுவும் அதே விமானத்தில்தான் போகிறது. காலநிலை மாநாட்டுக்குத் தலைவர்கள் போகாமல் இருந்தாலும் நாம்தான் திட்டுவோம். எனக்கு இடிப்பது வேறு இடம். யோசித்து, அளவாகப் பயன்படுத்தச் சொல்லும் அரசாங்கம், தன் பயணங்களின் கார்பன் இவ்வளவு என்று ஒரு வரி எழுதி வெளியிட்டால் என்ன குறைந்துவிடும்?

கேலியா, விஷயமா?

‘நாலு கார் போவதாலா பூமி சூடாகிறது? இதெல்லாம் மீம் போடுகிறவர்கள் வேலை’ என்று ஒரு வாதம் உண்டு. டன் கணக்கில் பார்த்தால் அது சரி. ஆனால் இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாஸீன் அத்தாரியும் உடன் பணியாற்றியவர்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், கார்பனைக் குறைக்கச் சொல்லும் விஞ்ஞானியே அதிகமாகக் கார்பன் வெளியிடுகிறார் என்று தெரிந்தால் மக்கள் அவரை நம்புவது குறைகிறது, அவர் சொன்னதைச் செய்யும் எண்ணமும் குறைகிறது என்று கண்டார்கள். 2019-ல் வந்த தொடர் ஆய்வு இன்னொன்றும் சொன்னது: அவர் தன்னை மாற்றிக்கொண்டால் நம்பிக்கை திரும்ப வருகிறது.

இதைக் கண்டுபிடிக்க இண்டியானா வரை போக வேண்டியதில்லை. மதுரை மேலமாசி வீதி போதும். 1921 செப்டம்பர் 22-ம் தேதி காந்தி அங்கே ஒரு வீட்டில்தான் மேலாடையைக் களைந்து அரை வேட்டிக்கு மாறினார். அதற்கு முன் ஊர் ஊராகப் போய் அந்நியத் துணியை விடுங்கள், கதர் உடுத்துங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மதுரைக்கு வரும் ரயிலில் கூட வந்தவர்களிடமும் அதையே பேசினார். கதர் வாங்குமளவுக்கு எங்களிடம் காசில்லை என்று பதில் வந்தது. தலைப்பாகை, சட்டை, முழு வேட்டி என உடுத்தியிருந்த தன்னால் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும் என்று அவருக்கு உறுத்தியது. காந்தி குறைத்த துணியால் லங்காஷயர் மில் எதுவும் மூடவில்லை. ஆனால், துணியைப் பற்றிப் பேசும் உரிமை அவருக்கு அன்றைக்கு வந்தது.

இன்னும் பக்கத்தில் வேண்டுமா? திருவாதவூர் இருக்கும் இதே மேலூர் தாலுகாவில்தான் தும்பைப்பட்டி இருக்கிறது. கக்கன் பிறந்த ஊர். பொதுப்பணித் துறை, உள்துறை என்று பெரிய துறைகளைக் கையில் வைத்திருந்தவர். 1967-ல் தோற்றபிறகு சாதாரண மனிதராக டவுன் பஸ்ஸில் போய்வந்தார். கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் கிடந்தவரை, வேறொருவரைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். தற்செயலாகப் பார்த்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவருக்குக் கார்பன் தடம் என்ற சொல்லே தெரிந்திருக்காது. எளிமை என்றுதான் சொன்னார்கள். அந்த எளிமையில் வறுமையும் இருந்தது, அதை மறைத்துக் கொண்டாடுவதும் சரியில்லை. இன்றைய அமைச்சர்கள் பொது வார்டில் படுக்க வேண்டாம். ஆனால், கக்கனின் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

கக்கன் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்தபோது, 1959-ல் திறக்கப்பட்டதுதான் வைகை அணை. 2017 ஏப்ரலில் அதே அணையில், தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்று அடித்து எல்லாம் கரை ஒதுங்கியது. அவரை ஓட்டியது போதும். 2015-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இதே எண்ணத்தோடு நீர்த்தேக்கத்தில் கோடிக்கணக்கில் கறுப்புப் பந்துகள் விட்டார்கள், அதை யாரும் மீம் ஆக்கவில்லை. ஆவியாகும் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டது தப்பே இல்லை. அதற்குக் கையில் எடுத்தது பெட்ரோலியத்திலிருந்து செய்த பொருள் என்பதுதான் சோகம்.

மஞ்சப்பையும் ஃப்ளெக்ஸும்

திருவாதவூர் கடைத்தெருவில் பிளாஸ்டிக் பையில் தக்காளி போட்டுக் கொடுத்தால் கடைக்காரருக்கு அபராதம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. அந்த 14 பொருள் பட்டியலில் பிளாஸ்டிக் கொடிகூட இருக்கிறது. ஃப்ளெக்ஸ் பேனர் இல்லை. பி.வி.சி. பூசிய அந்தத் துணி மக்கவும் மக்காது, எரித்தால் நச்சுப் புகை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் கல்யாண பேனர் சரிந்து விழுந்து, இளம்பெண் ஒருவர் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். பேனர் வைத்தவர் அரசியல்வாதி. அதற்குப் பிறகு கட்சிகள் எல்லாம் ‘இனி பேனர் வைக்க மாட்டோம்’ என்றன. இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டே தலையைத் தூக்கிப் பாருங்கள்.

மதுரைக்காரர்கள் மறக்காத இரண்டு காட்சிகளையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்ட் 20-ல் வலையங்குளத்தில் அ.தி.மு.க. மாநாடு நடந்தது. மறுநாள் காலையில் அங்கே மலைபோலக் குவிந்து கிடந்த புளியோதரையின் படங்கள் தமிழ்நாடு முழுக்கச் சுற்றின. அழுகும் சோறு மீத்தேன் வாயுவை விடும். புவி சூடாவதில் அது கார்பன் டை ஆக்ஸைடைவிடப் பல மடங்கு வீரியமானது. ஆனால், அன்றைக்கு அந்தப் படங்களைப் பார்த்த யாருக்கும் மீத்தேன் நினைவுக்கு வந்திருக்காது, பசித்த வயிறுகள்தான் வந்திருக்கும்.

2025 மே 31-ல் முதல்வர் ஸ்டாலினின் மதுரை ரோடு ஷோவுக்காக, வழியில் இருந்த பந்தல்குடி வாய்க்காலின் சாக்கடை தெரியாமல் துணி கட்டி மறைத்தார்கள். விமர்சனம் கிளம்பியதும் முதல்வரே போய் வாய்க்காலைப் பார்வையிட்டார். 2022-ல் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கிய அரசு அது. 2070-க்கு முன்பே கார்பன் சமநிலையை எட்டுவோம் என்று சொன்ன முதல்வர் அவர். அப்படிப்பட்டவர் வரும் பாதையில் வாய்க்காலைத் தூர்வாரத் தோன்றவில்லை, துணி வாங்கத் தோன்றியிருக்கிறது யாருக்கோ.

நரி பரியான கதை

வாதவூரருக்காக இறைவன் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி மன்னனிடம் கொண்டுவந்து கொடுத்தார் என்கிறது புராணம். பகலில் பளபளவென்று நின்ற குதிரைகள், ராத்திரி திரும்ப நரியாகி ஊளையிட்டு லாயத்தில் இருந்த நிஜக் குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. ‘பறந்த விமானத்துக்கு ஈடாக மரம் நட்டுவிட்டோம்’ என்று எங்கே படித்தாலும் எனக்கு அந்த லாயம்தான் ஞாபகம் வருகிறது. நன்றாக வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்கு 20 கிலோ கார்பனை இழுக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு மணி நேர ஹெலிகாப்டருக்கு 50 வளர்ந்த மரங்கள் ஒரு வருடம் உழைக்க வேண்டும். அமைச்சர் நட்டது வளர்ந்த மரம் இல்லை, கன்று. போட்டோ எடுத்த மறுநாள் தண்ணீர் ஊற்றப் போவதும் அமைச்சர் இல்லை.

காரைவிடப் பெரிய புகை

இவ்வளவு சொன்னபிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் அரசியல்வாதி வாழ்நாள் முழுக்க ஹெலிகாப்டரிலேயே குடியிருந்தாலும், அவர் கையெழுத்திடும் ஒரு ஃபைலின் புகைக்கு ஈடாகாது. 660 மெகாவாட் நிலக்கரி அனல்மின் அலகு ஒன்று முழுவீச்சில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 600 டன் கார்பன் வெளியேறும். உடன்குடியில் அப்படி இரண்டு அலகுகள் திட்டமிட்டுக் கட்டப்பட்டவை. டெல்லியோ, 2070-ல் நிகர பூஜ்ஜியம் என்று கிளாஸ்கோவில் சொல்லிவிட்டு வந்து, 2024-25 நிதியாண்டில் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியதைச் சாதனையாகக் கொண்டாடியது. மின்சாரம் வேண்டும், அதை மறுக்க முடியாது. லைட்டை அணைக்கச் சொல்லும் விளம்பரத்தில் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மேலூர்க்காரர்கள் இந்த ஃபைல் விஷயத்தில் ஏற்கெனவே பாஸ் ஆனவர்கள். அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் மாநில அரசு அறிவித்தது. சரியாக இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பரில், அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக மத்திய அரசு அறிவித்தது. 2,015 ஹெக்டேர். டிசம்பர் 9-ல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. மத்திய அரசு ‘ஏலம் நடந்தபோது மாநிலம் ஏன் ஆட்சேபிக்கவில்லை’ என்றது, மாநிலம் ‘முன்பே எதிர்த்தோம்’ என்றது. இந்தச் சண்டையை யாரும் தீர்த்துவைக்கக் காத்திராமல், 2025 ஜனவரி 7-ல் விவசாயிகளும் பெண்களும் வியாபாரிகளும் ஆயிரக்கணக்கில் திரண்டு மதுரை தல்லாகுளத்துக்குப் பேரணியாக வந்தார்கள். நடந்தே வந்தவர்களின் கார்பன் தடம், பூஜ்ஜியம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. அடுத்த மூன்றாம் நாள், குடியரசு தினத்தன்று, முதல்வர் சென்னையிலிருந்து அரிட்டாபட்டிக்கு வந்தார், பாராட்டு விழாவுக்கு.

இதில் யார் மலையைக் காத்தவர்? கட்சிகள் ஆளுக்கொரு பதில் சொல்லும். ஆனால் அரிட்டாபட்டியில் மலையையும் கண்மாய்களையும் காக்க நின்ற அதே அரசுதான், பரந்தூரில் நீர்நிலைகளின் மேல் விமான நிலையம் வர வேண்டும் என்று நின்றது. 2025 ஜனவரியில் பரந்தூர் மக்களைச் சந்தித்த த.வெ.க. தலைவர் விஜய், அரிட்டாபட்டிக்கு ஒரு நியாயம், பரந்தூருக்கு ஒரு நியாயமா என்ற ரீதியில் கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்ட விஜய், அதே ஆண்டு செப்டம்பரில் பிரசாரத்தைத் தொடங்க சென்னையிலிருந்து திருச்சிக்கு வந்தது தனி விமானத்தில்.

ஒரு கட்டம் போதும்

வழியே இல்லை என்று கிடையாது. மன்சுக் மாண்டவியா 2019-ல் மத்திய அமைச்சராகப் பதவியேற்க ராஷ்டிரபதி பவனுக்கு சைக்கிளில் போனார். நெதர்லாந்துப் பிரதமராக இருந்த மார்க் ருட்டே, 2024-ல் பதவி முடிந்த அன்று சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனார். ஆம்ஸ்டர்டாம் வெயில் வேறு, மேலூர் வெயில் வேறு என்பது எனக்கும் தெரியும். எல்லோரும் சைக்கிள் மிதிக்க வேண்டாம்.

வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் வேட்பாளர் தன் பெயரிலும் குடும்பத்தார் பெயரிலும் உள்ள வாகனங்களை எழுத வேண்டும். என்ன வண்டி, எப்போது வாங்கியது, என்ன விலை எல்லாம் வரும். நகை கிராம் கணக்கில் வரும். கடந்த ஐந்து வருடத்தில் அரசாங்கச் செலவிலும் கட்சிச் செலவிலும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்று கேட்க அதில் ஒரு கட்டம் இல்லை. லாக் புக், பயணப்படி பில், வாடகை ஹெலிகாப்டர் ரசீது என எல்லாமே ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதையும் அளக்க வேண்டாம், கூட்டிப் போட்டால் போதும்.

மாலை திரும்பி வரும்போது பஸ்ஸில் சீட் இல்லை. பள்ளிப் பிள்ளைகள், கீரைக்கட்டு வைத்த அம்மாக்கள், மதுரையில் நைட் ஷிஃப்டுக்குப் போகும் ஆட்கள் என்று நான் எண்ணியவரை 72 பேர். தலைக்கு 190 கிராமுக்கும் கீழே.